தாள் ஓரத்துப் பழங்கள்

என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரனுக்கு எதையும் அச்சில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். எங்கள் வீட்டு வாசலில் ‘செருப்பை வரிசையாக விடவும்’ என்று நான்கு வண்ணத்தில் ஒட்டியிருக்கிறார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அடுப்படியில் ‘கேஸை மூடியாயிற்றா?’ முகம் பார்க்கும் கண்ணாடியில் ‘புன்னகை செய்’. இந்தக் கடைசி ஸ்டிக்கர் எனக்காக ஒட்டியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

என் பெயர் அழகுமீனா. மல்லாங்கிணறு பக்கம் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்து ஆமத்தூரில் இவர்கள் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீரில் முக்கியதில் எல்லாம் போயிற்று, வாய் மட்டும் போகவில்லை என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஊர்ச் செய்தியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இவர் எங்கள் கோயிலில் ஞாயிறு பள்ளி சூப்பிரண்டெண்ட். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு திட்டத்தோடு வந்தார். நல்ல குணத்தைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் ஏறாதாம், கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். வேதத்தில் ‘ஆவியின் கனி’ என்று சொல்லியிருக்கிற ஒன்பது நற்குணங்களுக்கும் ஒவ்வொரு பழம் என்று ஸ்டிக்கர் அடிக்கப் போவதாகச் சொன்னார். அன்புக்கு மாம்பழம், சாந்தத்துக்குத் திராட்சை. வெட்டிச் சுளை எடுக்க நேரமாகும் என்பதால் நீடிய பொறுமைக்குப் பலாப்பழம். இச்சையடக்கத்துக்கு என்ன பழம் என்று ரொம்ப நாள் குழம்பினார். நான் பாகற்காய் என்றேன். காய் கூடாதாம். கடைசியில் சீத்தாப்பழம் என்று முடிவாயிற்று. வாய் நிறையப் போட முடியாது, கொட்டையைப் பார்த்துப் பார்த்துத்தானே தின்ன வேண்டும், அதனால்.

ஞாயிறு பள்ளி நடக்கிற அறைச் சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதி, மரம் வரைந்த அட்டை ஒன்று தொங்கியது. ஸ்டிக்கர் பெற்றோர் கையில் இருக்கும். வாரத்தில் பிள்ளை பொறுமையாக இருந்தால் ஒரு பலாப்பழம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அதைக் கொண்டுவந்து தன் மரத்தில் ஒட்ட வேண்டும். குணம் வளர வளர மரம் காய்க்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. போதகர் ஐயா பிரசங்கத்திலேயே பாராட்டினார்.

அந்த ஸ்டிக்கரை அச்சடித்த விதத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. தாள் ஓரத்தில் காலி இடம் கிடந்தால் சிவகாசியில் யாருக்கும் மனசு கேட்காது. பெரிய ஆர்டர் ஓடும்போது ஓரத்தில் யாராவது ஒருவர் தன் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழையோ, மச்சினன் கடை விசிட்டிங் கார்டையோ சொருகிவிடுவார். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியின் தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மூடியில் ஒட்டுகிற வட்டமான கம்பெனி முத்திரை, பின்பக்கம் பசை வைத்த தாளில். ஓரத்தில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தது. இவர் தன் பழங்களை, அதே வட்டத்தில், அங்கே ஏற்றிவிட்டார்.

ஏற்றும்போது நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மட்டும் நினைத்தாரே தவிர, ஆர்டர் எவ்வளவு பெரியது என்று நினைக்கவில்லை. மிஷினுக்கு இவருடைய திட்டம் தெரியுமா? முத்திரை அடித்த ஒவ்வொரு தாளிலும் அது பழத்தையும் அடித்துக்கொண்டே போயிற்று. சிவகாசியில் தீபாவளிக்கு எவ்வளவு பட்டாசோ அவ்வளவு நற்குணம்.

கட்டிங் மிஷினில் நிற்கிற முனியராஜ் நல்ல மனுஷர். ஓரத்தை வெட்டி வேஸ்ட்டில் போடச் சொல்லியிருந்தார்கள். பசையோடு இருக்கிற பழத்தைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கத்தை கத்தையாகக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு சாக்கு நிறைய வந்தது. அது கெசியா படுக்கிற கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாயைக்கூடக் கட்டவில்லை.

கெசியா எங்கள் ஒரே மகள். வயது பத்து. என் வாயும் அவர் பிடிவாதமும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அவள் மரம்தான் என் வயிற்றெரிச்சல். திட்டம் தொடங்கின அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து இவர் மகிழ்ந்துபோய் ‘சந்தோஷம்’ என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, எங்கள் கோயிலுக்கு வருகிற கருப்பம்மாளின் இரட்டைப் பையன்கள் இரண்டு பேருடைய சட்டைகளையும் அவள் பின்பக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டுச் சிரித்தாள் என்று. வாழைப்பழம் பறிமுதல் ஆயிற்று. இன்னொரு நாள் அந்தப் பையன்களில் ஒருவனை அவள் அடித்தாள். வழக்கமாக நாலு வைப்பவள் அன்றைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாளே என்று நான் ஒரு திராட்சை கொடுத்தேன். அந்தத் திராட்சையும் பறிபோயிற்று, எனக்கு ஸ்டிக்கர் கொடுக்கிற உரிமையும் போயிற்று. சூப்பிரண்டெண்ட் மகளுக்குச் சலுகை காட்டினால் சபை என்ன சொல்லும் என்பது அவர் கவலை.

மற்றப் பிள்ளைகளின் மரங்களோ கிளை தெரியாமல் காய்த்தன. கருப்பம்மாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது தன் கஷ்டத்தைச் சொன்னாள். “என்னத்தக்கா சொல்ல, ஸ்டிக்கர் குடுத்தாத்தான் குளிக்கானுக, ஸ்டிக்கர் குடுத்தாத்தான் சோறு திங்கானுக. நேத்து தம்பிய அடிக்காம இருக்க எத்தன பலாப்பழம்னு பேரம் பேசுதான். எங்க வீட்டுக்காரரு ஒரு கத்தை கொண்டாந்தாரு, வாரம் முடியுமுன்னே தீந்துபோச்சு.” அவள் பையன்கள் மரத்துக்கு அட்டை போதாமல் கீழே இன்னொரு அட்டை ஒட்டியிருந்தார்கள். கோயில் மணி மேல் கல்லெறிந்து பழகின அந்த இரண்டு பேரும்தான் எங்கள் சபையில் மிகவும் சாந்தமான பிள்ளைகள் என்று சுவர் சொல்லிற்று.

ஊரே காய்த்துக் குலுங்கியது. டீக்கடைக் கண்ணாடியில் சமாதானம், மினிபஸ் கம்பியில் விசுவாசம், ஒரு வெள்ளாட்டின் கொம்பில் தயவு. போதகர் ஐயாவின் பைக் டேங்கில்கூட அன்பு என்று ஒரு மாம்பழம் இருந்தது. யார் ஒட்டியது என்று அவர் கேட்கவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. கோயிலுக்கு வராத பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாழைக்கு ஒரு சீத்தா என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் இவர் இன்னொன்று அச்சடித்தார். ஆகஸ்ட் கடைசியில் வருகிற சிறுவர் ஞாயிறுக்கான அறிவிப்பு. நிறையக் கனி தந்த பிள்ளைக்குப் பரிசு. கனி ஒன்றும் இல்லாத பிள்ளைகள் ஆராதனையில் முன்னால் வந்து நிற்க வேண்டும், சபை அவர்களுக்காக ஜெபிக்கும். திட்டம் தொடங்கும்போது எழுதின சட்டம் அது. அப்போது எல்லா மரமும் மொட்டை. இப்போது மொட்டை மரம் சுவரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் தையல் ஊசி முறிந்தது. “உங்க மக ஒருத்திதான் அங்கன நிக்கப் போறா, தெரியும்ல?” என்றேன்.

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மீனா. எம் மகள மட்டும் விட்டுட்டா நாளைக்கு எவன் எம் பேச்சக் கேப்பான்?”

“நாளைக்கு அவ உங்க பேச்சக் கேக்கணுமே. அத யோசிச்சீகளா?”

நாங்கள் பேசியதைக் கெசியா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வெளியே வந்ததும், சிறுவர் ஞாயிறன்றைக்கு எந்தப் பாவாடை போட்டுக்கொள்ள என்று கேட்டாள். அழுதிருந்தால் தேவலை. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குப் பழம் கிடக்கிறது, நாலை எடுத்து ஒட்டிவிட்டுப் போயேன் என்று வாய்வரை வந்தது. தாய் சொல்லுகிற பேச்சா அது என்று விழுங்கினேன். சாந்தமாக இருந்ததற்கு எனக்கு யாரும் திராட்சை தரவில்லை.

சிறுவர் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அச்சகத்தில் வெடித்தது. பட்டாசுக் கம்பெனிக்கு வெளியூர் வியாபாரிகள் போன் போட்டார்களாம். கம்பெனிக்காரர் அச்சக முதலாளி செல்லச்சாமிக்குப் போட்டார். அவசரத்தில் முனியராஜ் சில கட்டுகளில் ஓரத்தை வெட்டாமலே அனுப்பியிருக்கிறார். பெட்டி ஒட்டுகிற பெண்கள், வட்டம் ஒரே அளவாக இருக்கவும், இந்த வருஷம் புது டிசைன் போலிருக்கிறது என்று முத்திரைக்குப் பதில் பழத்தை ஒட்டிவிட்டார்கள். ஒரு லோடு வியாபாரிகள் கைக்கே போய்விட்டது.

செல்லச்சாமி இவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டதை, இவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குச் சொன்னார். “அணுகுண்டு பெட்டி மேல சாந்தம்னு போட்டிருக்காம். வெடிக்குமா வெடிக்காதான்னு ஏவாரி கேக்கான். ராக்கெட்டுல நீடிய பொறுமை. திரியப் பத்த வச்சுட்டு எம்புட்டு நேரம் நிக்கணும்னு கேக்காக. நான் என்னப்பா சொல்லட்டும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முதலாளி முனியராஜைத்தான் முதலில் பிடித்திருக்கிறார். இவர் குறுக்கே போய், ஏற்றியது நான்தான், வேலையை விட்டு நிறுத்துவதென்றால் என்னை நிறுத்துங்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். செல்லச்சாமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவருக்கு ஆறியிருக்கும்.

“ஓரத்துல அடிச்சது பெருசில்லப்பா,” என்றாராம். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. கேக்காம எடுத்தா அதுக்கு உங்க கோயில்ல என்ன பேரு? நீதான பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க?”

அந்தப் பேருக்கு இவரிடம் ஸ்டிக்கர் இல்லை.

தண்டனை என்னவென்றால், பட்டாசு அடைக்காமல் மிச்சம் இருந்த காலிப் பெட்டிகளில் பழத்தை உரித்துவிட்டு முத்திரை ஒட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் சொந்த நேரத்தில். சனிக்கிழமை காலையில் ஒரு டெம்போ நிறையக் காலிப் பெட்டிகள் எங்கள் வாசலில் வந்து இறங்கின. தெருவே வேடிக்கை பார்த்தது. நான் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மனுஷனைத் தனியாக விட முடியுமா?

பழம் உரியவில்லை. இழுத்தால் பெட்டியின் மேல்தாளும் சேர்ந்து கிழிந்தது. வெந்நீர் தொட்டுப் பார்த்தார், பெட்டி ஊறியது. கத்தி முனையால் சுரண்டினேன், ஓட்டை விழுந்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கெசியா கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். ஸ்டிக்கர் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பி, மேலே தூக்காமல், பெட்டியோடு ஒட்டினாற்போல் பின்னால் மடித்து மெதுவாக இழுத்தாள். மாம்பழம் முழுசாக வந்தது. பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

அடுத்ததையும் அப்படியே எடுத்தாள். அதற்கடுத்ததையும். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். “இத எங்கனத்தா கத்துக்கிட்ட?”

கெசியா இன்னொரு பெட்டியை எடுத்தாள். அவர் திரும்பவும் கேட்டார்.

“மரத்துல,” என்றாள்.

“எந்த மரத்துல?”

“எம் மரத்துலதான். கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்துட்டுப் போயி ஒட்டுவேன். சனிக்கிழமை அம்மா கோயில் பெருக்கப் போகையில நானும் போவேன்ல, அப்ப.” அவள் தலை நிமிரவில்லை, கை வேலையில் இருந்தது. “ஒட்டுனா மரம் நல்லாத்தான் இருக்கும். கீழ எம் பேரு இருக்கும். அதப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். உரிச்சிருவேன். மொதல்ல ரெண்டு மூணு கிழிஞ்சிருச்சு. இப்பக் கிழியாது.”

எடுத்த பழத்தை என்ன செய்தாள் என்று கேட்டேன். சாக்கிலேயே திருப்பிப் போட்டுவிட்டாளாம். பசை போயிருக்கும், பாருங்கள் என்றாள்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனார். கோயிலுக்குத்தான் போயிருந்தார். சீக்கிரமே திரும்பிவந்து பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்தார். கண் சிவந்திருந்தது. மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். தூரத்தில் மொட்டையாகத் தெரிந்த மரத்தில், கிட்டே போனால், கிளைகளில் இரண்டு மூன்று இடத்தில் வட்ட வட்டமாக வெள்ளையாகத் தாள் பிய்ந்திருந்தது. சுவர் முழுக்கக் காய்த்துத் தொங்கிய மரங்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் எனக்கு உயிருள்ள மரமாகத் தெரிந்தது. பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிறுவர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. கெசியா பச்சைப் பாவாடை போட்டிருந்தாள். அறிவிப்பு நேரம் வந்ததும் இவர் மேடையேறித் தாளைப் பிரித்தார். கனி இல்லாதவர்கள் முன்னால் வரலாம் என்று வாசித்தார். என் பக்கத்திலிருந்து கெசியா எழுந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல் நடுவழியில் நடந்துபோய் முன்னால் நின்றாள். கருப்பம்மாள் பையன்களில் ஒருவன் கிக்கென்று சிரித்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் என் ஞானஸ்நானமே ரத்தாகியிருக்கும்.

இவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். மேடையிலிருந்து இறங்கிவந்து மகளுக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி நின்றார்.

“நம்ம சுவத்துல இருக்க பழம் அம்புட்டும் எங்க முதலாளி தாள்ல, அவருகிட்டக் கேக்காம நான் அடிச்சது,” என்றார். “அதனால இந்த வரிசையில மொத ஆளு நான்தான். எனக்குத்தான் ஜெபம் பண்ணணும். எம் மக தன் மரத்துல பொய்ப் பழம் ஒட்டி, மனசு கேக்காம உரிச்சவ. அது எனக்கு நேத்துத்தான் தெரியும்.”

அப்போது கருப்பம்மாளின் பையன் தெளிவாக, நாமும் போக வேண்டுமா அம்மா என்று கேட்டான். அவள் அவன் தொடையில் கிள்ளி உட்காரச் சொன்னாள். கிள்ளினாள் பாருங்கள், அதில் வெருண்டு இரண்டு பேரும் எழுந்து ஓடிப்போய்க் கெசியாவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பிறகு ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் பிள்ளைகள் இறங்க, பிள்ளைகளுக்குக் கத்தை கத்தையாகக் கொடுத்த அப்பா அம்மாமார் தலையைக் குனிந்துகொண்டார்கள். கருப்பம்மாளும் கடைசியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். போதகர் ஐயா ஜெபிக்க எழுந்தார், ஜன்னல் வழியே தன் பைக்கை ஒரு பார்வை பார்த்தார், அவரும் படியிறங்கி வரிசையில் நின்றுகொண்டுதான் ஜெபித்தார். நிறையக் கனி தந்த பிள்ளைக்கென்று வாங்கிவைத்த கடிகாரம் கோயில் சுவருக்கே போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிந்ததும், இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்தார். புதுசு, பசை போகாதது. இச்சையடக்கம். இரண்டு கையாலும் அதைக் கெசியாவிடம் நீட்டினார். இந்த மூன்று மாதமாக அவள் அப்பா கையிலிருந்து எதிர்பார்த்திருந்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். அவள் கை பாதிவரை வந்து நின்றது.

“இது கேட்டு எடுத்ததாப்பா?” என்றாள்.

அவர் ஸ்டிக்கரைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில், உரித்த பெட்டிகளையும் கட்டிலடிச் சாக்கையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் முதலாளியிடம் ஒப்படைத்தார். ஒரே ஒரு சீத்தாப்பழம் வேண்டும், மகளுக்கு என்று கேட்டார். செல்லச்சாமி, ஒரு பழத்துக்கா இந்தப் பாடு என்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்கில் தன் கையை விட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். அன்று சாயங்காலம் இவர் வாசலில் செருப்பைக்கூட வரிசையாக விடாமல் உள்ளே வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் “கேட்டுட்டேன்” என்றார்.

அடுத்த ஞாயிறு மற்ற அட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். கெசியாவின் மரத்தை மட்டும் அவள் கேட்டாள் என்று விட்டுவைத்தார்கள். கிழிந்த வட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மேலேயே அந்தச் சீத்தாப்பழத்தை ஒட்டிக் கட்டைவிரலால் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டு நின்றாள். எப்படி ஒட்டினால் உரியாது என்று எங்கள் சபையில் அவளுக்குத்தான் தெரியும்.